யார் உடம்பில் போய்ச் சேருகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘இது ஆபத்தா, இல்லையா?’ என்று கேட்கின்றன. சுற்றுச்சூழல் நலத்தில் அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடிவது குறைவு. என்ன பொருள், எவ்வளவு, எந்த வழியாக, யாருடைய உடம்புக்குள் போகிறது என்று நான்கையும் பார்க்க வேண்டும். நான்காவதை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம். கீழே உள்ள பதில்களில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய்: வீட்டு போர் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். பெரியவனுக்குப் பல்லெல்லாம் காவி படிந்த மாதிரி இருக்கிறது. சின்னவளுக்கு மூன்று வயது. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன். போதுமா?

போதாது அம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உங்கள் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபுளோரைடு. அது உப்பைப் போல, ஆவியாகப் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருக்கிற நான்கு லிட்டர் தண்ணீரை மூன்று லிட்டராக வற்றக் காய்ச்சினால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். நல்லது என்று நினைத்துச் செய்வதே அளவைக் கூட்டிவிடுகிறது. சாதாரண கேண்டில் ஃபில்டரும் இதைப் பிடிக்காது.

இதற்கு எந்த ஆலையும் காரணமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலேயே ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் அது கரைந்துவிடுகிறது. மேலூற்று வற்றி நாம் ஆழ ஆழ போர் போடும்போது அந்தத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை.

சின்னவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஏறக்குறைய எட்டு வயது வரை, முளைக்கப்போகும் நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். அப்போது அளவுக்கு மீறிப் போகிற ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்துவிடும். அந்தக் கறையைப் பல் தேய்த்துப் போக்க முடியாது. பல ஆண்டுகள் அதிக அளவில் குடித்தால் எலும்பிலும் படிந்து மூட்டும் முதுகும் விறைக்கும். பெரியவனை ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே இந்தப் பிரச்சினைக்காகத்தான். அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் குடிக்கவும் சோறு குழம்பு வைக்கவும் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் துவைக்க, குளிக்க இருக்கட்டும். சமையலுக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அரிசி அவ்வளவு தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. சுத்தமாகப் பிடித்து மூடி வைத்த மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இருக்காது. ஆர்.ஓ. கருவியும் குறைக்கும், ஆனால் அதன் கழிவுநீரில் அத்தனையும் திரண்டு வரும். அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், மாட்டுக்கும் பல்லும் எலும்பும் இருக்கின்றன.

துணிக்கடையில் கொடுக்கிற மெல்லிய துணி மாதிரியான பை நல்லதுதானே?

அது துணியில்லை, பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக் இழை. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், நெய்த நூல் இருக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தடைப் பட்டியலில் இந்தப் பையும் இருக்கிறது, உட்புறம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது.

கோவையிலிருந்து: பக்கத்து மனைக்காரர் தினமும் விடியற்காலையில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார். நடுநடுவே பால் கவரும் பழைய வயரும் சேர்ந்து எரியும். கேட்டால், “கொஞ்சம்தானே, காற்றில் கலைந்துவிடும்” என்கிறார்.

விடியற்காலையில் அது கலையாது என்பதுதான் முதல் சங்கடம். இரவில் தரை குளிர்ந்து, குளிர்காற்று தாழ்வாகத் தேங்கி நிற்கும். புகை மேலே ஏற வழியில்லாமல் ஆள் உயரத்திலேயே படுத்துக்கிடக்கும். பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் நிற்பதும் அந்த நேரத்தில்தான்.

புகையில் உள்ள பி.எம். 2.5 என்ற நுண்துகள், தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியும் சளியும் பெரிய தூசியைத் தடுக்கும். இது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய், ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். இருமலோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை இதைத் தொடர்புபடுத்துவது அதனால்தான்.

வயரின் மேலுறை பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. குப்பையோடு குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்ற கடும் நச்சு உண்டாகும். அது நம்மை வந்து சேரும் வழி விசித்திரமானது. புல்லில் படிந்து, மாடு மேய்ந்து, பால் கொழுப்பில் தங்கி நம் டம்ளருக்கு வருகிறது. மனித உடம்பில் சேரும் டையாக்சினில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உணவு வழியாகத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

திறந்தவெளியில் குப்பை எரிப்பது குற்றம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் இதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்கச் சொன்னது. ஆனால் தினமும் முகத்தில் விழிக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். “அண்ணே, அந்தச் சருகை ஒரு சாக்கில் போட்டு எனக்குக் கொடுங்கள்” என்று கேளுங்கள். எதற்கு என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து: மகள் முழுகாமல் இருக்கிறாள். மீனில் பாதரசம் இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு மீனையே தொட மாட்டேன் என்கிறாள்.

மீனை நிறுத்த வேண்டாம். எந்த மீன் என்று பார்த்து வாங்கினால் போதும்.

நிலக்கரி எரிப்பது, தங்கம் பிரிப்பது போன்றவற்றிலிருந்து பாதரசம் நீரில் சேர்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை, உடம்பை விட்டு எளிதில் வெளியேறாத மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரியிடம் இருப்பது துளி. அதை ஆயிரக்கணக்கில் தின்னும் சிறுமீனில் கொஞ்சம் சேரும். அந்தச் சிறுமீன்களை ஆண்டுக்கணக்கில் தின்று வளர்ந்த சுறாவில் திரண்டு நிற்கும். பாடப்புத்தகத்தில் இதை உயிரிய உருப்பெருக்கம் என்று படித்திருப்பாள். ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலையின் பாதரசக் கழிவு விரிகுடா மீன் வழியாக ஊர் மக்களுக்குள் போனது 1956-ல் வெளியே தெரிந்தது. அங்கே தாய்க்குப் பெரிய தொந்தரவு தெரியாமலேயே பிறந்த பிள்ளைகள் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தார்கள். நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போயிருந்தது.

ஆகவே பிள்ளை பெறும் வரையிலும் பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவை விட்டுவிடுங்கள். பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கும் நம் வழக்கம் எனக்குத் தெரியும், சொல்லவே தயக்கமாகத்தான் இருக்கிறது. அதே காரணத்துக்காகக் காரல் குழம்பு வைக்கும் வழக்கமும் நம் கடற்கரையில் உண்டே. சாளை, நெத்திலி, காரல் போன்ற சின்ன மீன்களில் பாதரசம் மிகக் குறைவு, குழந்தையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு நிறைய.

காற்றுத் தரக் குறியீடு 90, ‘திருப்திகரம்’ என்று செயலி காட்டுகிறது. நிம்மதியாக இருக்கலாமா?

அந்தச் சொல் யாருடைய திருப்தி என்று பாருங்கள். நம் குறியீட்டில் பி.எம். 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை ‘திருப்திகரம்’. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு நாளைக்குப் பரிந்துரைத்த வரம்பு 15. ஆரோக்கியமான பெரியவருக்கு 90 சமாளிக்கக் கூடியது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ இதய நோயாளியோ இருந்தால் அடைமொழியைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

வாணியம்பாடி கல்லூரி மாணவர்: ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பது, காசு கட்டிவிட்டால் மாசுபடுத்தலாம் என்று ஆகிவிடாதா?

இந்தக் கொள்கை நம் சட்டத்தில் வேரூன்றியது உங்கள் பாலாற்றங்கரையிலிருந்து போன வழக்கில்தான். தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதையும் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது வரிசையைக் கவனியுங்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கை முன்னால் வருகிறது. கேடு வரும் முன்பே அரசு தடுக்க வேண்டும். அறிவியல் ரீதியாக இன்னும் உறுதியாகவில்லை என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. தன் வேலையால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது. இதற்கெல்லாம் பிறகுதான் பணம். அந்தப் பணமும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவு என்று இரண்டையும் சேர்த்தது. ஆகவே அதை அனுமதிக் கட்டணமாக யாரும் படிக்க முடியாது.

ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. நடைமுறையில் பணம் மட்டும் நடக்கிறது, தடுப்பது நடப்பதில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் மண்டிக்கு வரும். அதை ஊறவைத்து அலசும்போது உப்பெல்லாம் கழிவுநீரில் இறங்கும். தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு தொடவே தொடாது. உங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றிருக்கிறேன். கவிழ்த்து வைத்த இரும்பு வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்கு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன், கரித்தது. தோட்டக்காரர் பக்கத்தில் நின்ற தென்னையைக் காட்டினார், குருத்து சிறுத்து மட்டை நுனியெல்லாம் கருகியிருந்தது. நிலத்துக்காரருக்கு இழப்பீடு கணக்கிட ஒரு வழி இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் களை எடுத்துக் காய் பறித்துப் பிழைத்தவர் எந்தப் பட்டாவைக் காட்டி இழப்பீடு கேட்பார்? உங்கள் கேள்வியோடு இதையும் வகுப்பில் கேளுங்கள்.

போட்டித் தேர்வு எழுதுபவர்: இயற்கையை ஏன் காக்க வேண்டும் என்பதற்கான மனிதமையம், உயிர்மையம், சூழல்மையம் என்ற மூன்று பார்வைகளும் குழம்புகின்றன.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது வெள்ளத்தைத் தாங்குகிறது, தென்சென்னையின் நிலத்தடி நீரை ஊறவைக்கிறது, ஆகவே காக்க வேண்டும் என்றால் மனிதமையம். அங்கே வரும் ஒவ்வொரு பூநாரைக்கும் தாழைக்கோழிக்கும் வாழும் உரிமை உண்டு என்றால் உயிர்மையம். நீர், சேறு, கோரை, மீன், பறவை எல்லாம் சேர்ந்த அந்தச் சதுப்பே மதிப்புள்ளது என்றால் சூழல்மையம். இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள உயிருள்ள ஒன்றாகக் கருதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் சொன்னதை எடுத்துக்காட்டாக எழுதலாம். பள்ளிக்கரணை ராம்சார் தளமானதும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். பெருங்குடிக் குப்பைமேடு அதே சதுப்பின் மேல்தான் எழுந்தது. நான் மூன்றாவது பக்கம் நிற்பவன்.

மாடியில் உரத்தொட்டி வைத்தேன். பத்தே நாளில் நாற்றம், புழு. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். சமையலறைக் கழிவு தண்ணீர்ச் சத்து மிகுந்தது, தானாக அமுங்கி இறுகிக்கொள்ளும். ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை சருகு என்று போடுங்கள். (கோவை நண்பர் கவனிக்கவும்.) சருகு கிடைக்காவிட்டால் தேங்காய் நார்த்தூளோ கிழித்த அட்டைப்பெட்டியோ போதும். தொட்டியில் பக்கவாட்டிலும் துளை வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்துவிடுங்கள். சரியாகப் போகிறது என்றால் நாலைந்து நாளில் நடுவே கை வைக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. தட்டையாக, பழுப்பாக நெளியும் புழு என்றால் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுதான். கடிக்காது, நோய் பரப்பாது, வேகமாகத் தின்று தீர்க்கும்.

இதே கழிவு குப்பைமேட்டில் புதைந்தால் காற்றில்லாமல் மீத்தேனாகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு அளவில் பூமியைச் சூடாக்கும். மேடுகள் மாதக்கணக்கில் புகைவதற்கும் அந்த வாயு ஒரு காரணம்.

சென்னையிலிருந்து: நாப்கினையும் அப்பாவின் இன்சுலின் ஊசியையும் எந்தத் தொட்டியில் போடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் அதற்கு விலை கொடுப்பது இன்னொருவர் கை.

ஒரு வள மீட்பு மையத்தில் குப்பையைத் தரம் பிரிக்கும் அம்மா ஒருவரின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். முடிச்சுப் போட்ட ஒவ்வொரு பையையும் பிரிக்கும் முன் வெளிப்புறத்தில் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பார். ஊசி, கண்ணாடி, பிளேடு இருந்தால் தெரிந்துவிடும் என்றார். கையுறை கொடுத்திருந்தார்கள். ஆனால் அதைப் போட்டால் தடவித் தெரிந்துகொள்ள முடியவில்லை என்று கழற்றி வைத்திருந்தார். வலது கட்டைவிரலடியில் பழைய வெட்டுத் தழும்பு. ஊசி ஒன்று குத்திவிட்டால், அது யார் உடம்பில் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மஞ்சள் காமாலைக் கிருமியா, எச்.ஐ.வி.யா என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

நாப்கினைப் பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய புள்ளி ஒன்று வைத்துத் தனியாகக் கொடுங்கள், டயப்பரும் அப்படித்தான். ஊசிக்கு மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய சலவைத் திரவ டப்பா நல்லது. முக்கால் நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டையில் சுற்றி அதன்மேலும் எழுதுங்கள். எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுவிட்டுப் போகாமல், குப்பை வண்டி வரும்போது அதில் வருபவர் கையில் கொடுத்து, “இதில் ஊசி இருக்கிறது அக்கா” என்று சொல்லிக் கொடுங்கள்.