பிறவிக் குடல் நோயும் மரபணுவும்: கேள்வி பதில்

குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஹிர்ஷ்ப்ரங் நோய் எனப்படும் பிறவிப் பெருங்குடல் நோய் பற்றி நம் பகுதியினர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெயர்களை நீக்கி ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: மகள் வயிற்றுப் பேரனுக்குப் பிறந்து மூன்று நாளாகியும் மலம் போகவில்லை. இந்த நோய் என்று சொல்லி அறுவை செய்தார்கள். இது எங்கள் வழியில் வந்ததா, சம்பந்தி வீட்டு வழியில் வந்ததா?

ஆச்சி, உங்கள் கேள்வியின் பின்பாதிதான் வீடுகளில் சண்டையை மூட்டுகிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். குடலை அசைக்கும் நரம்பணுக்கள் குடலிலேயே முளைப்பவை அல்ல; கருவின் 5ஆம் வாரவாக்கில் கழுத்துப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, உணவுக்குழாயில் நுழைந்து, 12ஆம் வாரத்துக்குள் ஆசனவாய் வரை நடந்து சேர வேண்டியவை. தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் நின்றுவிடுவதைப் போல அவை வழியில் நின்றுவிட்டால், எட்டாத பகுதி விரியாமல் இறுகியே கிடக்கும். அதற்கு மேலுள்ள குடல் மலமும் காற்றும் சேர்ந்து வீங்கும். கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ப்ரங் 1886இல் விவரித்தது இந்த வீக்கத்தைத்தான். குறை உண்மையில் வீங்கிய பகுதியில் இல்லை, கீழே ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும் பகுதியில் இருக்கிறது என்பது உறுதிப்பட்டு, 1948இல் ஸ்வென்சன் அந்தப் பகுதியை நீக்கும் அறுவையை வெளியிடும் வரை அறுபது ஆண்டுகள் போயின.

அந்த நரம்பணுக்களுக்கு வழிகாட்டும் முதன்மையான மரபணு, 10ஆம் குரோமோசோமில் உள்ள ரெட் மரபணு. அது முற்றிலும் பழுதாவது அரிது. ஆனால் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பகுதியில் மரபணுக் குறியீட்டின் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பது அரிதே அல்ல என்று 2005இல் தெரிந்தது. ஐரோப்பியரிடம் உள்ள பிரதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அப்படிப்பட்டது. கிழக்காசியாவில் அதைவிட அதிகம். ஆப்பிரிக்காவில் மிக அரிது. இத்தனை பேர் சுமந்தும் நோய் வருவது ஏறக்குறைய 5000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான். அந்த மாறுபாடு ஆபத்தை உயர்த்துகிறது, அதுவும் பெண் குழந்தையைவிட ஆண் குழந்தையிடம் கூடுதலாக. ஆயினும் வேறு சிறு மாறுபாடுகளும் ஒன்றுகூடினாலொழிய நோயாவதில்லை. எனவே உங்கள் பேரனுக்கு இரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சம்பந்தி வீட்டாரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

தேவகோட்டை: மூத்தவனுக்கு இந்த நோய். அடுத்த குழந்தைக்கு வருமா?

பொதுவாக நூற்றுக்கு நான்கு என்பது கணக்கு. ஆனால் இந்தச் சராசரியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். நரம்பற்ற பகுதி குட்டையாக இருந்த பையனுக்கு அடுத்த குழந்தை என்றால் ஆபத்து குறைவு. நரம்பற்ற பகுதி நீளமாக இருந்த பெண் குழந்தைக்குத் தம்பி பிறந்தால் மூன்றில் ஒன்று வரை போகலாம். பெண்களுக்கு எளிதில் வராத நோய், குட்டை வகையில் ஆண்கள் நான்கு மடங்கு. அதையும் மீறி ஒரு பெண்ணுக்கு வந்திருக்கிறதென்றால் அந்தக் குடும்பத்தில் மாறுபாடுகளின் சுமை கூடுதல் என்று பொருள். மகனின் திசு ஆய்வு அறிக்கையை எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

பள்ளத்தூர்: நான்கு வயது மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மலத்தை அடக்குகிறாள்.

பெரும்பாலும் இந்த நோய் அல்ல. பிறந்த முதல் வாரத்திலிருந்தே சிரமம் இருந்ததா என்று மட்டும் நினைத்துப் பார்த்து, குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்டனூர்: மலம் போகாத பச்சைக் குழந்தைக்கு வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தால் மலம் போய்விடும் என்கிறார் எங்கள் அப்பத்தா.

போகத்தான் செய்யும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் 24 மணி நேரத்திலேயே காட்டுப்பீ எனும் முதல் மலம் போய்விடும். 48 மணி நேரம் தாண்டியும் போகாதது ஓர் எச்சரிக்கை. காம்பு வைத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வந்து, வயிறு வற்றி, வீடே நிம்மதி அடையும். நோய் உள்ளே அப்படியே இருக்கும். இப்படி வாரக்கணக்கில் தள்ளிப்போய் வயிறு பானையாகி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கோனாபட்டு: நகரத்தாராகிய நாங்கள் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளிடம் பெண் எடுப்பதில்லை. ஒன்பது கோயில் பிரிவு இரத்தக் கலப்பைத் தடுக்கத்தானே? எங்களுக்கு இத்தகைய நோய்கள் வரக்கூடாதே.

ஐயா, அந்த விதி தந்தை வழியை மட்டும் பார்க்கிறது. ஒரே கோயிலைச் சேர்ந்த இருவர் பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிகளாக இருந்தால் அவர்களுக்குப் பொதுவான மரபணு அற்பம். அம்மான் மகள் வேறு கோயில், முறைப்பெண், ஆனால் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் எட்டில் ஒரு பங்கு பொது. இளையாற்றங்குடியும் மாற்றூரும் என்று கோயில் மாறுவதை மரபணு அறியாது.

மீண்டும் கோனாபட்டு: அப்படியானால் முன்னோர் முட்டாள்களா?

நான் அப்படி எழுதவில்லை. பங்காளி யார், சம்பந்தி யார் என்று வகுக்க வந்த ஏற்பாட்டை மரபணுச் சோதனையாகப் படித்தால், அது படிப்பவர் பிழை.

அரியக்குடி: மேலே நடக்கும் விவாதத்தைப் பார்த்தேன். உறவில் கட்டியதுதான் இந்த நோய்க்குக் காரணமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்தாலன்றி வெளிப்படாத நோய்களுக்கு உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுகிறது, இதில் ஐயமில்லை. ஹிர்ஷ்ப்ரங் பெரும்பாலும் அந்த வகை அல்ல. ஆயினும் தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் சிறு சமூகத்தில் ஓர் அரிய பழுது பெருகக்கூடும் என்பதற்கு இதே நோயில் புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவின் மெனோனைட் கிறித்தவர்களிடம் 13ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது 1994இல் கண்டறியப்பட்டது. இரு பிரதிகளும் பழுதானவர்களில் 74 விழுக்காட்டினருக்கும், ஒன்று மட்டும் பழுதானவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. அங்கும் இரண்டு பழுதோடு பிறந்து தப்பியவர்கள் நான்கில் ஒருவர் இருக்கிறார்கள் என்பதைக் கோனாபட்டு அன்பரும் கவனிக்கலாம்.

மூன்றாம் முறையாகக் கோனாபட்டு: நீங்கள் மரபைக் குறை சொல்கிறீர்கள்.

இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

புதுவயல், குன்றக்குடி, திருப்பத்தூர்: மரபணுச் சோதனை செய்தால் முன்கூட்டியே தெரியுமா?

மூவருக்கும் ஒரே பதில்: பொதுவான மாறுபாட்டைச் சோதிப்பதில் பயனில்லை, இத்தனை பேரிடம் இருப்பதைக் கண்டு என்ன செய்வீர்கள்? நோய் நீளமான வகையாக இருந்தாலோ, குடும்பத்தில் இருவருக்கு வந்திருந்தாலோ ரெட் மரபணுவைச் சோதிப்பது பொருளுள்ளது. அதன் சில பழுதுகள் குடலில் இந்த நோயையும் தைராய்டில் ஒருவகைப் புற்றுநோயையும் சேர்த்தே தருவன. முன்பே தெரிந்தால் தைராய்டைக் காக்க வழியுண்டு.

கானாடுகாத்தான்: குழந்தைக்கு நெற்றி முடியில் வெள்ளைக் கற்றை, கண்கள் நீலம். மலச்சிக்கலும் உண்டு. தொடர்பு உண்டா?

நல்ல கண் உங்களுக்கு. நிற அணுக்களும் குடல் நரம்பணுக்களும் கருவில் ஒரே தாய்த்திசுவிலிருந்து பிரிபவை. 1981இல் மும்பையைச் சேர்ந்த ஷா முதலிய மருத்துவர்கள் இத்தகைய 12 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்த நிலைக்கு இன்று அவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. குழந்தைகளுக்கான அறுவை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கொத்தமங்கலம்: வெற்றிலைக் காம்புக்குப் பதில் சோப்புத் துண்டு வைக்கலாமா?

கண்டனூருக்குச் சொன்னதைப் படியுங்கள். சோப்பு குடலின் உட்தோலையும் புண்ணாக்கும்.

நெற்குப்பை: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. மூலம்.

குழந்தை மருத்துவத்தில் இதற்கு இடமில்லை. பொது அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

செட்டிநாடு: அறுவை முடிந்து எட்டு மாதம். இன்று மாலை முதல் காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு பீறிட்டுப் போகிறது. வயிற்றுப்போக்கு மருந்து கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம், விடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அறுவைக்குப் பிறகும் இந்தக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி வரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான். அறுவை செய்த மருத்துவமனை தொலைவென்றால் மதுரை இராசாசி மருத்துவமனைக்கு இப்போதே புறப்படுங்கள். வாசலிலேயே “ஹிர்ஷ்ப்ரங் அறுவை நடந்த குழந்தை” என்று சொல்லுங்கள்.