‘அப்போதே சொல்லியிருந்தேனே!’ – பிரெஞ்சின் ப்ளுஸ்-க-பார்ஃபே பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரெஞ்சு கற்பித்துவருகிறேன். என் மாணவர்கள் அதிகம் பயப்படும் காலம் ப்ளுஸ்-க-பார்ஃபே, அதாவது ‘சாப்பிட்டிருந்தேன்’ போன்ற இறந்தகாலம். தமிழர்களுக்கு இந்தப் பயம் தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பதால் ஒலி தோராயமாகத்தான் இருக்கும். சரியான உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகுங்கள்.

கடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அம்மா, சாதாரண இறந்தகாலமான பாஸே கோம்போஸே ஒன்றுக்கே திணறுகிறேன். இதை எப்படி அமைப்பது?

பாஸே கோம்போஸே தெரிந்தால் இதில் முக்கால் பங்கு உனக்குத் தெரியும். ‘ழே மான்ழே’ என்றால் சாப்பிட்டேன். அதில் துணைவினையை மட்டும் எம்பார்ஃபே என்ற தொடர் இறந்தகாலத்துக்கு மாற்று: ‘ழவே மான்ழே’, சாப்பிட்டிருந்தேன். ‘ழ ஸ்வி பார்த்தி’ என்றால் கிளம்பினேன்; ‘ழெத்தே பார்த்தி’ என்றால் கிளம்பியிருந்தேன். ‘மான்ழே’, ‘பார்த்தி’ என்ற எச்சம் அப்படியே நிற்கும்.

தமிழ் வடிவத்தைக் கவனி. ‘சாப்பிட்டு’ என்ற எச்சத்தோடு ‘இருந்தேன்’ என்ற துணைவினை சேர்கிறது. பிரெஞ்சிலும் இதே இரண்டு உறுப்புகள்தான். நமக்குத் துணைவினை பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால் வரும். இன்னொரு வேறுபாடு: நாம் எல்லா வினைக்கும் ‘இரு’ ஒன்றையே வைத்துக்கொண்டோம். அவர்கள் பெரும்பாலான வினைகளுக்கு ‘அவ்வார்’ (உடைத்தாயிரு), சிலவற்றுக்கு ‘எத்ர்’ (இரு) என்று பிரித்துக்கொண்டார்கள்.

பெயரைக் கண்டும் மிரள வேண்டாம். அது லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தது. ‘முடிந்ததற்கும் அப்பால்’ என்பது அதன் பொருள். முடிந்துபோன ஒரு செயலுக்கு முன்பே முடிந்துவிட்ட இன்னொரு செயல், அவ்வளவுதான்.

விழுப்புரத்திலிருந்து ஓர் இளைஞர்: ‘எத்ர்’ எடுக்கும் வினைகளை எப்படி நினைவில் வைப்பது?

போதல், வருதல், வந்துசேர்தல், கிளம்புதல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், விழுதல், தங்குதல், திரும்புதல், ஆகுதல், பிறத்தல், இறத்தல். இவற்றோடு தன்னையே குறிக்கும் ‘ஸ’ சேர்ந்த வினைகள் எல்லாம். இடம் மாறுவதெல்லாம் எத்ர் என்று பொதுவிதி செய்துகொள்ளாதீர்கள் தம்பி. நடப்பதும் ஓடுவதும் அவ்வார்தான் எடுக்கும்.

ஏறுதல், இறங்குதல் போன்ற சில வினைகள் செயப்படுபொருள் வந்தால் அவ்வாருக்குத் தாவிவிடும். ‘ழெத்தே தெஸான்து’ என்றால் நான் இறங்கியிருந்தேன். ‘ழவே தெஸான்து லா வலீஸ்’ என்றால் பெட்டியை இறக்கியிருந்தேன். இறங்கு, இறக்கு என்று தன்வினையையும் பிறவினையையும் வல்லின மெய் ஒன்றால் பிரிக்கும் மொழி நம்முடையது. பிரெஞ்சுக்காரர் அதே வேலையைத் துணைவினையை மாற்றிச் செய்கிறார்கள். இதை விளக்கியபின் என் வகுப்பில் இந்தத் தவறு பெரிதும் குறைந்துவிட்டது.

சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்: ‘இருந்தேன்’, ‘இருந்தார்’ என்று தமிழில் வரும் இடமெல்லாம் இதைப் போட்டுவிடலாமா?

கூடாது. இங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். ‘நேற்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார்’ என்கிறோம். இதில் வேறொரு செயலுக்கு முந்தியது என்ற பொருளே இல்லை. வந்தார், கொஞ்ச நேரம் இருந்தார், போனார். இதைப் பிரெஞ்சில் ‘எ வெனு’ என்று பாஸே கோம்போஸேயில்தான் சொல்ல வேண்டும். ‘எத்தே வெனு’ என்று சொல்லி நிறுத்தினால், கேட்பவர் ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது கண்ணில் படாமலே போய்விடும். ‘அவன் கொடுத்த புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன்.’ கொடுத்தது முதலில், தொலைத்தது பிறகு. தமிழில் ‘கொடுத்த’ என்ற பெயரெச்சமே போதும், ‘கொடுத்திருந்த’ என்று நீட்டுவதில்லை. பிரெஞ்சில் ‘ழே பெர்து ல லீவ்ர் கில் மவே தொனே’ என்றுதான் வரும். ‘நான் வாங்கிய’, ‘அவள் சொன்ன’, ‘நாங்கள் பார்த்த’ போன்ற பெயரெச்சங்கள் இறந்தகால வாக்கியத்துக்குள் வரும்போது நின்று யோசியுங்கள். உங்கள் தொழிலில் இந்த இடம்தான் மிக முக்கியம் என்பேன்.

அதே நண்பர்: கதை சொல்லும்போது எது முந்தியது என்று சூழலே காட்டிவிடுகிறதே. அப்போதும் இது தேவையா?

நிகழ்ந்த வரிசையிலேயே சொன்னால் தேவையில்லை. 1792 செப்டம்பரில் முடியாட்சியை ஒழித்தார்கள், 1793 ஜனவரியில் பதினாறாம் லூயியைக் கில்லட்டினில் கொன்றார்கள். இரண்டையும் பாஸே கோம்போஸேயில் சொல்லிவிடலாம். ஆனால் கதையை மன்னரின் மரணத்தில் தொடங்கி, பிறகு பின்னோக்கிப் போய் ‘முடியாட்சியை நான்கு மாதங்களுக்கு முன்பே ஒழித்திருந்தார்கள்’ என்று சொல்ல நினைத்தால் ‘ஓன் அவே அபோலி’ என்று வர வேண்டும்.

சில வாக்கியங்களில் இந்தக் காலம் பொருளையே மாற்றிவிடும். ‘கான் ழ ஸ்வி ஸரிவே, ல த்ரேன் எ பார்த்தி’ என்றால் நான் வந்தேன், ரயில் கிளம்பியது. கிளம்புவதைக் கண்ணால் பார்த்தேன். ‘ல த்ரேன் எத்தே பார்த்தி’ என்றால் நான் வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது, நடைமேடை காலி.

திருச்சியிலிருந்து ஒருவர்: ‘ஸி’ வரும் நிபந்தனை வாக்கியங்கள் எனக்குக் குழப்பமாகவே இருக்கின்றன.

‘நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.’ இதை நீங்கள் யோசிக்காமலே சொல்வீர்கள். பிரெஞ்சு: ‘ஸி து ம லவே தி, ழ ஸரே வெனு.’ ‘சொல்லியிருந்தால்’ இருக்கும் இடத்தில் ப்ளுஸ்-க-பார்ஃபே, ‘வந்திருப்பேன்’ இருக்கும் இடத்தில் கோந்திஸியோனெல் பாஸே. இவ்வளவு அழகாகப் பொருந்தும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிரெஞ்சுக் குழந்தைகளே ‘ஸி’ பக்கத்தில் ‘ழவே’ வர வேண்டிய இடத்தில் ‘ழொரே’ என்று போட்டுத் தவறு செய்வார்கள். ‘லே ஸி நேம் பா லே ரே’ என்று ஆசிரியர்கள் அவர்களைத் திருத்துவார்கள். ‘ஸி’க்கு ‘ரே’ என்று முடியும் வடிவம் பிடிக்காது என்பது அதன் கருத்து. ‘சொல்லியிருந்தால்’ வர வேண்டிய இடத்தில் ‘சொல்லியிருப்பாய்’ என்று எந்தத் தமிழரும் வைப்பதில்லை. உங்கள் தாய்மொழிக் காதை நம்புங்கள்.

வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் நின்றால் அது ஏக்கம். ‘ஸி ஸல்மான் ழவே ஸு!’ என்றால் ‘எனக்கு மட்டும் தெரிந்திருந்தால்!’

காரைக்காலிலிருந்து ஒரு பள்ளி மாணவர்: ‘சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னான்’ என்பதில் எந்தக் காலம் வரும் அம்மா?

தமிழில் ‘என்று’ இருப்பதால் அவன் சொன்ன சொற்கள் அவன் வாயில் வந்தபடியே நிற்கின்றன. பிரெஞ்சில் ‘என்று’க்கு ஈடான ‘க’ வந்தவுடன் ஆளும் மாறும், காலமும் மாறும்: ‘இல் மா தி கிலவே மான்ழே.’ சொல்வது நிகழ்காலத்தில் இருந்தால், அதாவது ‘இல் தி’ என்றிருந்தால், உள்ளே காலம் நகராது.

ஓசூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: எச்சத்தோடு ஈ, எஸ் எழுத்துகளைச் சேர்க்கும் விதி எனக்குப் பிடிபடவே இல்லை.

எத்ர் வந்தால் எழுவாயைப் பாருங்கள். கிளம்பியிருந்தவள் பெண் என்றால் ‘பார்த்தி’க்கு இறுதியில் ஈ எழுத்து சேரும், பலர் என்றால் எஸ்ஸும் சேரும். அவ்வார் வந்தால் எழுவாயை மறந்துவிடுங்கள். செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘ழவே எக்ரி லா லெத்ர்’ என்பதில் கடிதம் பின்னால் இருக்கிறது, எச்சம் மாறாது. ‘லா லெத்ர் க ழவே எக்ரித்’ என்பதில் கடிதம் முன்னால் வந்துவிட்டது, அது பெண்பால், எச்சமும் பெண்பாலாகிறது. முடிவில் ‘த்’ கேட்கிறது பாருங்கள். பெரும்பாலான எச்சங்களில் இந்த மாற்றம் எழுத்தில் மட்டும் இருக்கும், காதுக்கு எட்டாது. அதனால்தான் கடினமாகத் தோன்றுகிறது.

16ஆம் நூற்றாண்டில் க்ளெமான் மரோ என்ற கவிஞர் இத்தாலிய மொழியை முன்மாதிரியாகக் காட்டி இந்த விதியைக் கவிதையாகவே எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை இதில் தவறு செய்கிறார்கள். உங்களைக் குறைத்து எண்ணிக்கொள்ளாதீர்கள்.

‘ஸ’ வினைகளில் ஒரு நுணுக்கம். ‘எல் ஸெத்தே லாவே’, அவள் குளித்திருந்தாள்: ஈ சேரும். ‘எல் ஸெத்தே லாவே லே மேன்’, கைகளைக் கழுவியிருந்தாள்: சேராது. கழுவப்பட்டவை கைகள், அவை வினைக்குப் பின்னால் இருக்கின்றன.

மதுரையிலிருந்து ஒருவர்: ‘சாப்பிட்டுவிட்டு வெளியே போனேன்’ என்பதற்கும் இதுதானா?

இல்லை. எழுவாய் ஒருவரே என்பதால் ‘ஆப்ரே ஸவ்வார் மான்ழே, ழ ஸ்வி ஸோர்த்தி’ என்பதே இயல்பு.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: பழைய நாவல்களில் ‘கான் இல் உ ஃபினி’ (அவன் முடித்தபோது) என்று பார்க்கிறேன். அது என்ன?

அது பாஸே ஆந்தேரியர், எழுத்துக்கே உரிய காலம். எழுத்தில் வரும் இறந்தகாலமான பாஸே ஸேம்ப்ளோடு சேர்ந்து, ஒன்று முடிந்த உடனே மற்றொன்று நடந்ததைக் காட்டும். படித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச வேண்டாம். வழக்கமாக நடந்ததைச் சொல்லும்போது அதே ‘கான்’ பக்கத்தில் நம் காலம் வரும்: ‘கான் இலவே தினே, இல் ஸோர்த்தே’, இரவு உணவு முடிந்தால் உலாவப் போவார்.

பாரிஸ் புறநகரில் வசிக்கும் ஈழத்தமிழர்: ரீச்சர், இங்கு எல்லோரும் வேகமாகப் பேசுகிறார்கள். இந்தக் காலத்தைக் காது பிடிப்பதே இல்லை. என் மகன் ‘ழவே பா வு’ என்கிறான். நான் புத்தகத்தில் படித்தது ‘ழ நவே பா வு’ (நான் பார்த்திருக்கவில்லை). அவன் சொல்வது பிழையா?

நடுவில் வரும் ‘வ’ ஒலியைப் பிடியுங்கள். ‘ழே வு’ என்றால் பார்த்தேன். ‘ழவே வு’ என்றால் பார்த்திருந்தேன். ‘இலவே’ என்றால் ஒருவர், ‘இல் ஸவே’ என்றால் பலர். அந்த ‘ஸ’ ஒலி ஒன்றுதான் வேறுபாடு. இந்தக் காலம் தனியாக வரும் ஒரு வாக்கியத்தை நீங்கள் தினமும் கேட்பீர்கள்: ‘ழ த லவே தி!’ நம் வீடுகளில் சொல்லும் ‘அப்போதே சொன்னேனே!’ அதுதான். அதைக் காதில் பதித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

மகன் சொல்வது பிழை அல்ல. பேச்சில் மறுப்பின் முதல் பாதியான ‘ந’வை விட்டுவிடுவது அங்கே எல்லோருடைய வழக்கம். ‘பா’ (இல்லை), ‘ழமே’ (ஒருபோதும்), ‘தெழா’ (ஏற்கெனவே) ஆகியவற்றைத் துணைவினைக்கும் எச்சத்துக்கும் நடுவில் சரியாக வைக்கிறான், அதுவே பெரிது. பேசும்போது அவனைத் திருத்தாதீர்கள். பள்ளி ஏட்டில் எழுதும்போது ‘ந’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.