முப்பது தலை, மூன்று போஸ்டர்

*வணக்கம். மன்னார்குடியில் விதைக்கடை வைத்திருக்கிறேன். முப்பது விவசாயிகள் தலையில் பட்டை மாட்டி மூன்று போஸ்டர்களைக் காட்டினால், எது விற்பனையைக் கூட்டும் என்று மூளையே சொல்லிவிடும் என்கிறார் ஒரு கம்பெனிக்காரர். முப்பது பேரை வைத்து டெல்டா முழுவதையும் கணிக்க முடியுமா? பருத்தி ஏல விலையும் தெரியுமா?*
*வாசகர், மன்னார்குடி*

அன்புள்ள நண்பருக்கு,

முப்பது பேர் போதும். உதைப்பது மூன்று போஸ்டர்தான்.

ஜெனெவ்ஸ்கி, யூன், நட்சன் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 30 பேர் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் (மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) படுத்து, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தின் 36 திட்டங்களைப் பார்த்தார்கள். எதற்குப் பணம் போடுவோம் என்று அவர்கள் சொன்னது இணையத்தில் எதற்குப் பணம் சேர்ந்தது என்பதோடு ஒத்துப்போகவில்லை. மூளையில் ஆசை எழும்போது இயங்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியின் துடிப்பு ஒத்துப்போனது. முடிவெடுக்கும்போது கடன், வீட்டுச் செலவு எல்லாம் உள்ளே வந்து ஆளுக்கு ஆள் மாறிவிடும், பார்த்ததும் எழும் ஆசை பலருக்கும் பொது என்பது நட்சன் தரப்பு விளக்கம். ஆனால் சந்தையோடு ஒப்பிடும் கணக்கில் திட்டத்துக்கு ஒரு புள்ளி, ஆக 36 புள்ளிகள்; ஆட்களின் எண்ணிக்கை அல்ல. உங்களுக்கு மூன்று போஸ்டர், மூன்றே புள்ளி. மூன்றை வரிசைப்படுத்த ஆறு வழிதான். கண்ணை மூடிச் சொன்னாலும் ஆறில் ஒரு தடவை பலிக்கும்.

அடுத்து, அந்தப் பட்டை. அது இஇஜி, தலைத்தோலின் மேலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் கருவி. அக்கும்பென்ஸ் மூளையின் அடியில் கிடக்கிறது. தலைத்தோலில் வைத்த மின்முனையால் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. தலையில் எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் பற்றாது. வெற்றிலை மென்றுகொண்டே உட்கார்ந்தால் பதிவாவது தாடைத் தசை. (நம்மூரில் இரண்டையும் தவிர்த்து முப்பது பேரைப் பிடிப்பதே தனி வேலை.)

எஃப்எம்ஆர்ஐயிலும் இரத்த ஓட்ட மாற்றம் உச்சத்துக்கு வர 5, 6 நொடி ஆகும். படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் ஒன்றின் துடிப்பு மற்றதன்மேல் ஏறிவிடும். இடைவெளியையும் வரிசையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே பதிவு கெடும். எந்தப் பகுதி, எந்த நொடிகள் என்பதை ஸ்கேனுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். தில்லுமுல்லு நடப்பது இங்கேதான்: பிறகு தேடினால் மூளையில் ஏதாவது ஒரு மூலை விற்பனையோடு ஒத்துப்போகத்தான் செய்யும்.

நெல் விதைக்கு இன்னொரு சிக்கல். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்காமல் தள்ளிப்போனால் போஸ்டர் எதுவானாலும் ஆட்கள் குறுகிய கால ரகத்துக்குத்தான் போவார்கள். ஆசை வேறு, தண்ணீர் வேறு.

பருத்தியை விட்டுவிடுங்கள். பங்கு விலை திசை மாறுவதை முன் இன்சுலா என்ற மூளைப் பகுதியின் துடிப்பு முன்கூட்டிக் காட்டியதாக 2021இல் ஸ்டாலன் குழு எழுதியது உண்மை. ஆனால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடப்பது மறைமுக ஏலம். விலை எழுதுவது வந்திருக்கும் சில வியாபாரிகள். விவசாயியின் மூளை அங்கே எதையும் தீர்மானிப்பதில்லை.

கம்பெனிக்காரர் மறுபடி வந்தால், உங்கள் கடையில் ஏற்கெனவே விற்ற முப்பது விதைப் பாக்கெட்டுகளின் படங்களைக் கொடுங்கள், விற்பனை எண்ணைச் சொல்லாமல். வரிசைப்படுத்தித் தரட்டும். அதே பாக்கெட்டுகளுக்கு அதே ஆட்களை வாயால் மதிப்பெண் போடச் சொல்லி இன்னொரு வரிசை எடுங்கள். உங்கள் பில் புத்தகத்தோடு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முன்பணம் பேசலாம்.