கீபோர்டு சர்க்யூட்டை நாமே வரையலாமா?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று தமிழும் மலையாளமும் மாறி மாறி அடிக்க வேண்டியிருக்கிறது. சோல்டரிங் தெரியும். 62 கீ உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுக்கு போர்டை நானே டிசைன் செய்ய ஆசை. இரண்டு மொழிக்கும் தனித்தனி வயரிங் வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மொழிக்கும் போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கீ அமுங்கியது என்ற எண்ணைத்தான் கீபோர்டு அனுப்புகிறது. ‘ஏ’ கீயைத் தட்டினால் தமிழ்99 விசை அமைப்பில் ‘அ’ வருவதும், மலையாள இன்ஸ்கிரிப்ட் விசை அமைப்பில் ஓகாரக் குறி வருவதும் கம்ப்யூட்டருக்குள் நடக்கிற வேலை. ஆனால் ஒரு கீயை ஒதுக்கி, விண்டோஸ் + ஸ்பேஸ் இரண்டையும் அதுவே சேர்த்து அனுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். மொழி மாற்ற ஒரே தட்டு. உங்கள் தொழிலுக்கு அது பெரிய லாபம்.

இனி வயரிங். 62 கீக்கு 62 வயர் இழுக்க மாட்டோம். 5 வரிசை, 14 நெடுவரிசை என்று கட்டம் போட்டு, வரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று என இணைத்தால் சிப்பில் 19 பின் (இணைப்புக் கால்) போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. செவ்வகத்தின் 3 மூலைகளில் இருக்கும் கீகளைச் சேர்த்து அமுக்கினால், மின்சாரம் சுற்றிக்கொண்டு வந்து, தொடாத 4-வது மூலைக் கீயும் அமுங்கியதாகக் காட்டும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஒரு டயோடு. 1என்4148 போதும், கோயமுத்தூரில் சில்லறைக்கே கிடைக்கும். டயோடின் மேலுள்ள கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். மொத்தமாகத் திருப்பி வைத்துவிட்டால்கூட கியூஎம்கே என்ற, கீபோர்டுக்குள் ஏற்றும் மென்பொருளில் ஒரு வரி மாற்றிச் சரிசெய்யலாம். பாதி இப்படி, பாதி அப்படி என்றால்தான் தலைவலி.

கீகளைப் படித்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிப்பைப் பொறுத்தவரை, முதல் போர்டிலேயே தனி சிப்பை வைத்து வரைய வேண்டாம் என்பேன். ஆர்பி2040 என்ற சிப்பைத் தனியாக வைத்தால் ஃபிளாஷ் மெமரி, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 3.3 வோல்ட் ரெகுலேட்டர் எல்லாம் நீங்களே சேர்க்க வேண்டும். யூஎஸ்பி-சி சாக்கெட் என்றால் அதன் இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அதை விட்டால் இரு முனையும் சி உள்ள கேபிளில் உயிரே வராது. அதே சிப் உள்ள ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற தயார் குட்டி போர்டு வாங்கினால் பவர், கிரிஸ்டல் கவலை எல்லாம் போச்சு. 26 பின் வெளியே கிடைக்கிறது, நமக்கு 19 போதும். அதை ஸ்விட்ச்சுகளுக்கு அடியில் வைக்காதீர்கள், பின்கள் முட்டும். எண் வரிசைக்கு மேலே வையுங்கள். நீளம் 51 மி.மீ., அகலம் 21 மி.மீ. படுக்கவைத்தால் போர்டு சின்னதாகும், ஆனால் கேபிள் பக்கவாட்டில் வரும்.

வரைவதற்கு கீகேட் என்ற சர்க்யூட் போர்டு டிசைன் மென்பொருள் இலவசம். செர்ரி எம்எக்ஸ் வகை ஸ்விட்ச் என்றால் மையத்துக்கு மையம் 19.05 மி.மீ. துளை அமைப்பில் 5 பின் அச்சையே எடுங்கள், அதில் 3 பின் ஸ்விட்ச்சும் உட்காரும். ஸ்பேஸ்பார், ஷிஃப்ட் போன்ற நீளக் கீகளுக்கு, அவை சாயாமல் அமுங்க உதவும் ஸ்டெபிலைசரின் துளை மறக்கக் கூடாது. ஆர்டர் போடும் முன் முழு அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து ஸ்விட்ச்சுகளை வைத்துப் பாருங்கள். பிரிண்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ இருந்தால் அளவு பொய்யாகிவிடும். கடையிலேயே பிரிண்டர் இருக்கிறதே!

போர்டு வந்ததும் முதலில் டயோடும் பைக்கோவும் மட்டும் சோல்டர் செய்து, மென்பொருளை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்விட்ச் இடத்திலும் இரண்டு பேடையும் (சோல்டர் செய்யும் உலோகப் புள்ளி) ட்வீசரால் ஒன்றாகத் தொட்டு எழுத்து வருகிறதா பாருங்கள். எல்லாம் வந்த பிறகு ஸ்விட்ச்சுகளைப் பற்றவைக்கலாம்.