பழைய பாட்டு, புது இசைக்கோர்ப்பு

கேள்வி: இத்தாலியப் பாடகர் ஃபிரான்செஸ்கோ தெ கிரெகோரி தன் பழைய பாட்டுகளையே புது இசைக்கோர்ப்போடு மறுபடி பாடி ‘விவாவோச்சே’ என்று இரட்டை ஆல்பமாகப் போட்டாரே, கேட்டீர்களா? ‘ஆலீச்சே’ பாட்டைக் கெடுத்தே விட்டார். சரக்கு தீர்ந்துபோன கலைஞர்கள் வயதான காலத்தில் செய்கிற வேலைதானே இது? புது மொந்தையில் பழைய கள்!
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கேட்டேன். உங்கள் ஆத்திரம் புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் தவறு.

முதலில் அந்தச் ‘சரக்கு தீர்ந்த’ கதை. ‘விவாவோச்சே’ வந்தது 2014 நவம்பரில். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ‘சுல்லா ஸ்த்ராதா’ என்று புதுப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம் கொடுத்திருந்தார். ‘விவாவோச்சே’க்கு அடுத்த வருடமே அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாட்டுகளை இத்தாலிய மொழியில் ஆக்கி முழு ஆல்பம் போட்டார். எழுத வராமல் போன ஆள் செய்கிற காரியமா இது? 63 வயதில் தன்னுடைய 28 பாட்டுகளைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், அவற்றில் இன்னும் பாக்கி இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வயதான காலத்து வேலை என்பதும் சரியில்லை. அதே நாட்டின் ஃபப்ரீட்சியோ தெ ஆந்த்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனோவாக்காரர், 1940இல் பிறந்தவர். 60களின் முதல் பாதியில் தனித் தட்டுகளாக வந்த ‘மரினெல்லாவின் பாட்டு’, ‘பியேரோவின் யுத்தம்’ போன்றவற்றை 1968இல் தன் மூன்றாவது ஆல்பத்துக்காகத் திரும்பப் பாடிப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 28. 1974இல் இன்னும் சில பழைய பாட்டுகளை மறுபடி எடுத்தார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற இத்தாலியக் கலைஞர்களிடம் இது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

அந்த மரினெல்லாவின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்தித்தாளில் படித்த ஓர் இளம்பெண்ணின் சாவிலிருந்து எழுதிய பாட்டு அது. 1964இல் வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1967இல் இத்தாலியப் பாடகி மீனா அதைப் பாடினார். இத்தாலி முழுக்க அறிந்த குரல், வேறு இசைக்கோர்ப்பு. பாட்டு எங்கேயோ போய்விட்டது. மீனா அதைப் பாடியிருக்காவிட்டால் சட்டப் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போயிருப்பேன் என்று தெ ஆந்த்ரே பின்னாளில் சொன்னார். முதல் பதிவை யாரும் தொடக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டிருந்தால் தெ ஆந்த்ரே என்ற கலைஞரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

அப்புறம் 1979. பிரெமியாத்தா ஃபொர்னெரியா மார்க்கோனி என்று மிலானோவின் ராக் குழு ஒன்று, சுருக்கமாக பி.எஃப்.எம். இங்கிலாந்து, அமெரிக்கா வரை போய் வாசித்துவிட்டு வந்தவர்கள். அவர்களோடு மேடை ஏறலாம் என்று தெ ஆந்த்ரே முடிவு செய்தபோது நண்பர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். நியாயமான பயம்தான். அமைதியாக, வார்த்தைக்கு வார்த்தை கேட்க வேண்டிய பாட்டுகள் அவருடையவை. அவற்றை டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் விழுங்கிவிடாதா?

விழுங்கவில்லை. அந்த ஜனவரியில் ஃபிளாரன்ஸிலும் பொலோன்யாவிலும் பதிவான கச்சேரிகளில் ‘அமீகோ ஃபிராஜிலே’ என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். சார்தீனியாவில் ஒரு விருந்து. வந்தவர்களோடு நாட்டு நடப்பைப் பேச ஆசைப்படுகிறார் தெ ஆந்த்ரே. அவர்களோ கிட்டாரை எடுத்து ஏதாவது பாடுங்களேன் என்று திரும்பத் திரும்ப நச்சரிக்கிறார்கள். குடித்திருந்த அவர் ஆத்திரத்தோடு எழுந்து போய் ஒரே இரவில் எழுதிய பாட்டு இது. 1975 பதிவில் அந்தக் கோபம் வார்த்தைகளுக்குள் அடங்கி இருக்கிறது. 1979 பதிவில் அவர் பாடி முடித்த இடத்தில் ஃபிராங்கோ முஸ்ஸீதாவின் எலெக்ட்ரிக் கிட்டார் பிடித்துக்கொள்கிறது. நீண்டுகொண்டே போகிறது, அழுகிறது, திமிறுகிறது. விருந்தில் அந்த மனிதர் சொல்ல முடியாமல் விட்டதை அங்கே கிட்டார் சொல்கிறது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை, பாட்டு மட்டும் பெரிதாகிவிட்டது. அந்த இசைக்கோர்ப்புகளில் பலவற்றை தெ ஆந்த்ரே பிந்தைய கச்சேரிகளிலும் விடாமல் வைத்துக்கொண்டார். ‘இல் பெஸ்கத்தோரே’ என்ற மீனவன் பாட்டை இன்று இத்தாலியர்கள் கைதட்டிக் கூட்டமாகப் பாடுகிறார்களே, அது பெரும்பாலும் 1970இன் மூலப் பதிவு இல்லை, பி.எஃப்.எம் கொடுத்த வடிவம்.

தெ கிரெகோரிக்கு வருவோம். 1975இல் அவருடைய ‘ரிம்மெல்’ ஆல்பத்தில் ‘புவொனாநொத்தே ஃபியொரெல்லீனோ’ என்று ஒரு மென்மையான வால்ட்ஸ் பாட்டு உண்டு. தாலாட்டு மாதிரி இருக்கும். அந்த ஆல்பம் நன்றாக விற்றது. ஆனால் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இனிப்பாகப் பாடுகிறான் என்று இடதுசாரி விமர்சகர்கள் அவரைக் கிழித்தார்கள். அடுத்த வருடம் மிலானோவில் கச்சேரி நடந்த இடத்தில் தீவிர இடதுசாரி இளைஞர்கள் மேடைக்கே வந்து அவரை நிறுத்தி வைத்து விசாரணையே நடத்தினார்கள். அந்தப் பாட்டை ‘விவாவோச்சே’யில் என்ன செய்திருக்கிறார் என்று கவனித்தீர்களா? டிலன் 1966இல் பாடிய ஒரு பாட்டின் தலைப்பில் உள்ள எண்களைத் தன் தலைப்பில் ஒட்டிக்கொண்டு, தாலாட்டை உற்சாகமான தெருக்கூட்டப் பாட்டாக மாற்றிவிட்டார். தன் குருநாதருக்கு ஒரு வணக்கம், நாற்பது வருடமாகத் தன்மேல் ஒட்டியிருந்த ‘இனிப்பு’ப் பட்டத்துக்கு ஒரு பதில், இரண்டும் அதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

‘ஆலீச்சே’ விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். 1973இல் 22 வயதுப் பையன் தனியாகப் பாடிய பாட்டு. தன்னைச் சுற்றி நடப்பது எதுவும் தெரியாத ஒரு பெண்ணை எட்ட நின்று ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிற பாட்டு. அதில் ராக் பாடகர் லிகபூவேயைச் சேர்த்து இருவர் பாடுவதாக ஆக்கியது எனக்கும் ஒட்டவில்லை. லிகபூவேயின் கரகரத்த குரலில் குறை இல்லை. ஆனால் எட்ட நின்று பார்ப்பவன் பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றால் அந்தத் தனிமை போய்விடுகிறது. இப்படிக் குறை சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இந்த இசைக்கோர்ப்பு பாட்டின் அர்த்தத்துக்கு உதவியதா, அதைத் தடுத்ததா என்றுதான் கேட்க வேண்டும். ஒன்றும் தோன்றாமல் வயலின் கூட்டத்தைக் கொட்டி நிரப்பி, பழைய பாட்டுக்குப் பளபளப்பு ஏற்றி விற்கிற ஆல்பங்களும் நிறைய உண்டு. அவற்றைத் திட்ட நானும் வருகிறேன்.

ஆனால் ‘கெடுத்துவிட்டார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 1973இன் ‘ஆலீச்சே’ அதே தட்டில் அப்படியே இருக்கிறது. உங்கள் வாலிபத்தோடு ஒட்டிப்போன ஒரு பாட்டு மாறக்கூடாது என்று நீங்கள் விரும்புவது இயற்கை. நாற்பது வருடமாக ஒவ்வொரு மேடையிலும் அதைப் பாடி வருகிற மனிதர் 22 வயதிலேயே நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஒன்று செய்யுங்கள். ‘அமீகோ ஃபிராஜிலே’யின் 1975 பதிவை ஒரு தடவை, 1979 பதிவை ஒரு தடவை, அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகும் இதெல்லாம் பழைய கள்தான் என்று தோன்றினால் ஏன் என்று விரிவாக எழுதுங்கள். இதே பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன்.