மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் சுல்தான் இல்லையே, இஸ்லாமியத் தலைமை யாரிடம்? மார்க்கம் அதை ஏற்குமா?

முதல் கேள்வி சுலபம். பினாங்கில் ஆளுநர்தான், ஆனால் அரசியலமைப்பின் 3ஆவது பிரிவுப்படி இங்கே இஸ்லாமியத் தலைவர் மாமன்னர்.

இரண்டாவதுதான் சிக்கல். 1924இல் துருக்கி கிலாஃபத்தை, அதாவது முஸ்லிம்களின் பொதுத் தலைமை ஆட்சியை, ஒழித்ததும் விவாதம் சூடுபிடித்தது. கிலாஃபத் மார்க்கக் கடமையே அல்ல, ஆட்சிமுறையை மக்கள் தீர்மானிக்கலாம் என்று 1925இல் எழுதினார் எகிப்தின் அலி அப்துர் ராஸிக். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையம் அவரை உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) வரிசையிலிருந்தே நீக்கிவிட்டது! பாகிஸ்தானிய மார்க்கச் சிந்தனையாளர் மௌதூதி வேறு துருவம்: இறையாண்மை இறைவனுக்கே, மனிதர் அவன் பிரதிநிதிகள். அப்புறம் துனிசியாவின் இஸ்லாமியச் சிந்தனையாளர் கன்னூஷி, ஷூராவையும் (கலந்தாலோசனை) தேர்தலையும் இணைத்தார்.

மலேசிய நடைமுறைக்குக் கன்னூஷியே கிட்டத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அரசாங்கம் வாக்கால் அமைகிறது. மாமன்னரையும் மலாய் ஆட்சியாளர்கள் கூடி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதில் நமக்கு வாக்கில்லை.