இரண்டு புள்ளியா, பணமா? – தேவகோட்டை நண்பருக்கு

புக்மூச் என்ற புத்தகப் பரிமாற்ற இணையதளத்தில் பத்துப் புத்தகம் பட்டியலிட்டும் லண்டன்காரரின் புத்தகத்தைக் கேட்க முடியவில்லை, பணம் கட்டச் சொல்வார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். புக்மூச்சில் சந்தா கிடையாது, உங்களுக்குக் குறைவது, புத்தகம் கேட்கச் செலவிடும் புள்ளிதான். பட்டியலிடும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 0.1 என்பதால் உங்களிடம் இருப்பது 1. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 2 வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் 3 கிடைக்குமே என்று ஆசைப்படாதீர்கள். தபால் செலவு அனுப்புகிறவர் தலையில். காரைக்குடியில் அந்தக் காசுக்குப் புதுப் புத்தகமே வாங்கிவிடலாம். உள்நாட்டில் ஒன்று அனுப்பினாலே 1 புள்ளி, கணக்கு நேராகிவிடும். 2025 மே முதல் தபால்துறையில் புத்தகம் அனுப்ப ஞான் போஸ்ட் என்ற சேவை இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும். பாட, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்குத்தான் இந்தச் சலுகை; வார, மாத இதழ்களை ஏற்கமாட்டார்கள்.

இரண்டாம் கட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த ஐயா காலத்துப் புத்தகங்கள் என்கிறீர்கள். பூச்சி அரித்த பக்கம், தளர்ந்த தையல் எல்லாவற்றையும் பட்டியலில் புத்தகத்தின் நிலைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். ஐயா கையெழுத்திட்டவற்றை மட்டும், என்னைக் கேட்டால், பட்டியலிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.